அந்த மூன்று தென்னைகளின் அடியைத் தோண்டாதே

என் மகனுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அக்கா வீட்டிலிருந்து அம்மா. பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பிள்ளை ராத்திரி முழுக்க அழுகிறான், பகல் முழுக்கத் தூங்குகிறான், உன்னைப் போலவே. எனக்கு மட்டும் நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீ மூன்று விஷயம் எழுதியிருந்தாய். உன் தை மாதக் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க எப்போது வரலாம் என்று தளவாய்புரத்துச் சம்பந்தி வீட்டில் கேட்கிறார்களாம். என் கண் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டிருக்கிறாய். மூன்றாவது, கடிதத்தின் அடியில் போகிற போக்கில் எழுதியது. யுத்தம் வந்ததிலிருந்து சீமை உர மூட்டை கண்ணில் படவில்லை, எலும்புத் தூளும் கிடைப்பதில்லை, புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள் வேர் பிடிக்காமல் சோர்ந்து நிற்கின்றன, அப்பா அந்தக் காலத்தில் மரத்தடியில் புதைத்த மாடுகளின் எலும்பு நம் தோப்பிலேயே சும்மா கிடக்கிறதே, ஐப்பசி மழைக்கு முன்னால் அதைத் தோண்டி எடுத்து இடித்துப் போடலாம் என்று திங்கட்கிழமைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், எந்தெந்த மரம் என்று மட்டும் ஒரு வரி எழுது, போதும் என்கிறாய். ஒரு வரியில் எழுத என்னால் ஆகாது ராசா. உட்கார்ந்து முழுக்கப் படி. இதைத் தபாலில் போடவும் எனக்கு நம்பிக்கை இல்லை. உன் அத்தான் நாளைக் காலை ரயிலில் இராஜபாளையம் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நானே வந்திருப்பேன். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எப்படி வருவது?

போன ஈஸ்டர் சமயத்தில் வீட்டில் இதே பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன், நீ சிரித்தாய், நான் அழுதேன், நீ எழுந்து போய்விட்டாய். நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த கதை. கிணற்றடிக்குப் போனால் பயம், மலையில் மின்னினால் பயம், நீ கோயம்புத்தூரில் படிக்கப் போனபோது ரயில் கவிழ்ந்துவிடும் என்று பயம். நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி உன் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை தடவிப் பார்ப்பேனே, அதற்கு நீ போலீஸ் சோதனை என்று பேர் வைத்திருக்கிறாய். மற்ற பயமெல்லாம் என் பிறவிக் குணம், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சோதனை மட்டும் பிறவிக் குணம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

நம் தோப்பை அப்பா போட்டு மரமெல்லாம் முதல் பாளை விட ஆரம்பித்த காலம் அது. ஒரு வருஷம் மழையே இல்லை, அடுத்த வருஷம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. காய்ந்து கிடந்த மண்ணில் துளிர்த்த புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிற அளவுக்கு மாடுகள் ஆவலாய் மேய்ந்தன. ஒரு நாள் காலையில் உழவு மாட்டில் ஒன்று தொழுவத்தில் விறைத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடு. மத்தியானத்துக்குள் அதன் ஜோடியும் போயிற்று. மறுநாள் பால் மாடு. வயிறு உப்பி, மூக்கிலும் வாயிலும் தாரைப் போலக் கறுத்த ரத்தம் வழிந்து, அது உறையாமல் அப்படியே நின்றது. உன் அப்பா ஆண்பிள்ளை என்றும் பாராமல் தொழுவத்து மண்ணில் உட்கார்ந்து அழுதார். தோல் எடுக்க வருகிறவர் வந்தார், மூக்கைப் பார்த்தார், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. விலை படியாது என்று நினைத்துக்கொண்டோம்.

நம் பக்கத்தில் தென்னையோ மாவோ வைத்திருக்கிற எல்லோரும் செய்வதைத்தான் அப்பாவும் செய்தார். செத்த கன்று, செத்த நாய், எது ஆனாலும் மரத்துக்குத்தானே கொடுப்போம்? மரத்தடியில் இடுப்பளவு குழி வெட்டி, அடியில் கொழிஞ்சித் தழையும் சாம்பலும் போட்டு, மாட்டை இறக்கி, மேலே கல்லுப்பைக் கொட்டி மண்ணைத் தள்ளினார். மூன்று மாட்டுக்கு மூன்று மரம். ஒரு சின்ன ஜெபமும் செய்தார், மாட்டுக்கு ஜெபமா என்று நான் கேட்டதற்கு என்னை முறைத்தார். அதற்குப் பிறகு அந்த மூன்று மரமும் நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். மட்டையெல்லாம் கரும்பச்சை, குலைக்கு மேல் குலை, குரும்பை ஒன்று உதிராது. செட்டியார்பட்டியிலிருந்துகூட விதைக்காய் கேட்டு ஆள் வந்தார்கள். என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் அப்பா, "எங்காளைய குடுத்தேன், அது திருப்பிக் குடுக்கு" என்பார். சொல்லும்போது ஒரு பெருமை, ஒரு துக்கம், இரண்டும் இருக்கும்.

சில வருஷம் போயிற்று. கண்மாய் வற்றியபோது வண்டல் அடிக்க எல்லோரும் வண்டி கட்டினார்கள். நம் தோப்புக்கும் வண்டல் வந்தது. மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியை ஆழமாக வெட்டி உள்ளே வண்டலைக் கொட்டினால்தான் வேருக்குப் போகும் என்று அப்பா அவரே மண்வெட்டி பிடித்தார். மட்டை கிழித்த சிராய்ப்பு ஒன்று அவர் முன்கையில் இருந்தது, தென்னை வைத்திருக்கிறவன் கையில் அது எப்போதும் இருப்பதுதான். நான் கஞ்சி கொண்டுபோனேன். குழிக்குள்ளிருந்து ஒரு தொடை எலும்பைத் தூக்கிக் காட்டினார். மண்ணும் வேரும் சுற்றிக்கொண்டு இருந்தது. "பாத்தியாட்டி, எங்காளை இன்னும் எனக்கு உழைக்கி" என்று சொல்லிச் சிரித்தார். அதை அந்தக் கையாலேயே துடைத்து மறுபடி உள்ளே வைத்தார். கை கழுவிவிட்டுத்தான் கஞ்சி குடித்தார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழுவியது எதற்கும் உதவவில்லை.

இரண்டு மூன்று நாளில் அந்தச் சிராய்ப்பு இருந்த இடத்தில் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு. சொறிந்தார். சுற்றிக் கொப்புளமாக எழும்பி நடுவில் கரித்துண்டை ஒட்டி வைத்தது போலக் கறுத்துவிட்டது. நான் பதறினேன். அவர் விரலால் அதை அழுத்திக் காட்டி, வலிக்கவே இல்லையே, இதற்கு ஏன் கூப்பாடு போடுகிறாய் என்றார். வலித்திருந்தால் முதல் நாளே டாக்டரிடம் ஓடியிருப்பார். கை தோள் வரை வீங்கி, கழுத்துக்கு ஏறி, காய்ச்சலில் பல் கிட்டித்தபோதுதான் வண்டி கட்டினோம். கையைப் பார்த்ததும் மிஷன் டாக்டரின் முகம் மாறியது. தோலோ கம்பளியோ எலும்போ தொடுகிற வேலையா என்று கேட்டார். அந்த நிலையிலும் உன் அப்பாவுக்குக் குசும்பு போகவில்லை. "என்ன டாக்டர் இப்பிடிக் கேக்கிய, நான் தென்னந்தோப்பு வச்சிருக்கேன்" என்றார். மரத்துக்கு வண்டல் போட்டதை எலும்பு வேலை என்று யார் நினைப்பார்கள்? டாக்டர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் ஆகவில்லை, அப்பா போய்விட்டார். நீ பால்பல் விழாத பிள்ளை. விஷப்பூச்சி கடித்துவிட்டது என்று ஊர் சொன்னது, நாங்களும் அதையே நம்பினோம். உனக்கும் அதையே சொன்னோம். ஈஸ்டரில் நான் அப்பா பேச்சை எடுத்தபோது நீ என் வாயை அடைக்க அந்தப் பூச்சியைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாய்.

அடக்கம் முடிந்து வீடு இருண்டு கிடந்த நேரத்தில் வழக்கமாய் வருகிற கீதாரி தோப்பில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட வந்தார். வெட்டிய பாத்தியெல்லாம் பாதி மூடாமல் கிடந்தது. ஆடுகள் இறங்கி மேய்ந்தன. சில நாளில் ஆடுகள் நின்ற இடத்திலேயே விழ ஆரம்பித்தன, மூக்கில் அதே கறுத்த ரத்தம். கீதாரி யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் புலம்பினார். விஷயம் பரவி, மாடுகளுக்கு ஊசி போட மாட்டு டாக்டர் வந்தார். தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே முன்பு மாடு ஏதும் புதைத்தீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் கை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தப் பாத்தியை நெருங்காமல் நின்றபடியே சொன்னார்.

"அடைப்பான்ல செத்த மாட்டப் பொதச்ச எடத்தக் கிளறவே கூடாதும்மா. அந்த நோயோட விதை மண்ணுல கெடக்கும். சாகாது."

"எம்புட்டு வருசத்துக்குங்க?"

"அது யாராலயும் சொல்ல முடியாது."

அந்த இடத்தில்தான் எனக்கு உன் அப்பாவின் கை ஞாபகம் வந்தது. தொடை எலும்பைத் துடைத்த கை.  பிறகு சுண்ணாம்பு வாங்கி மூன்று பாத்தியிலும் கொட்டி, மண்ணைப் போட்டு மேடாக்கி, மரத்துக்கு ஒரு கருங்கல் வைத்தேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் கிடை போட விட்டதில்லை, மாடு கட்ட விட்டதில்லை, மண்வெட்டி விழ விட்டதில்லை. கீதாரி சும்மாவே கிடை போடுகிறேன் என்று வந்தும் அம்மா ஏன் விரட்டுகிறாள் என்று நீ பையனாக இருந்தபோது கேட்பாய், இதற்குத்தான்.

நீ படித்துவிட்டு வந்து என் தோட்ட வேலையைப் பார்த்து மேல்பூச்சு வேலை என்றாய். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாய். எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது, ஆனால் மரம் கேட்பது தெரியும். அடி மட்டை ஓரம் பழுத்துக் காய்ந்தால் அடுப்புச் சாம்பல் கேட்கிறது. குருத்து வெளுத்தால் தழை கேட்கிறது. மழைக்கு முன்னால் மரத்தைச் சுற்றிக் கொழிஞ்சி விதைத்து, பூக்கும்போது அறுத்து அங்கேயே பரப்பி, மேலே சாம்பலும் உப்பும் தூவி மட்டையால் மூடிவிடுவேன். மழை அதைக் கீழே கொண்டுபோகும். மெதுவாகத்தான் போகும். தென்னையின் வேர் மேலாகவே ஓடுகிறது என்று நீயேதானே சொன்னாய்? அப்படியென்றால் குழி எதற்கு? உன் சீமை உரத்தை ஒரு கோடையில் ஈரமில்லாமல் போட்டு, குரும்பையெல்லாம் கொட்டிப்போய் நீ தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த மாடுகள் மழைக்குத் துளிர்த்த சோளத்தைத் தின்று செத்திருக்கும், அந்தக் குருத்தின் விஷமும் நொடியில் கொல்லும் என்பாய். அப்பாவைப் பூச்சிதான் கடித்தது என்பாய். இருபது வருஷத்தில் எந்த விதையும் உளுத்துப் போகும் என்பாய். எலும்பைச் சுட்டாவது போடேன் என்றால், சுட்டால் சத்துப் போகும், பச்சையாக இடித்தால்தான் முழுப் பலன் என்பாய். நீ சொல்வது சரியாகவே இருக்கலாம் ராசா. எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. நீ சொல்வது சரி என்றால் நமக்குப் போவது மூன்று மாட்டு எலும்பு. நான் சொல்வது சரி என்றால் போவது யார்? தோண்டுகிறவன் கையில் சிராய்ப்பு இல்லாமல் இருக்குமா? உரலில் போட்டு இடிக்க நான்கு பெண்களை வரச் சொல்லியிருப்பாய். தூசி மூக்கில் ஏறும், தலையில் படியும், அதோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். தை மாதம் ஒரு பெண் உன்னை நம்பி வரப் போகிறாள். அவள் காலையில் எழுந்து கூட்டப் போவது அந்த முற்றத்தைத்தான். 

எந்த மரம் என்று சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நேற்று முழுக்க நினைத்தேன். சொன்னால் அங்கே போய் வெட்டுவாய். சொல்லாவிட்டால் வரிசையாக எல்லாப் பாத்தியையும் வெட்டிப் பார்ப்பாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? கல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. வாய்க்கால் தூர் வாரும்போது, தோப்புக்குள் இந்தக் கல் எதற்கு என்று நீதான் பெயர்த்துக் கொண்டுபோய்க் கிணற்றுப் படிக்குப் போட்டாய். மரத்தைப் பார்த்தும் தெரியாது. முன்பு அந்த மூன்று மட்டும் தனியாகத் தெரியும். நீ உரமும் புண்ணாக்கும் தழையும் பார்த்துப் பார்த்துப் போட்டு எல்லா மரத்தையும் அதே உயரத்துக்கு, அதே காய்ப்புக்குக் கொண்டுவந்துவிட்டாய். அதற்காக நான் கோயிலில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். இன்றைக்கு அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது அந்த மூன்றும் எவை என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

என் கண் எப்படி என்று கேட்டாயே. ஒன்று மங்கிப் போயிற்று. மற்றொன்றை வைத்துத்தான் இவ்வளவு பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதும் என்னை மதுரைக்குக் கூட்டிப்போய் அறுக்கலாம் என்கிறார் உன் அத்தான். அறுத்துத் திரும்பி வருவேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வராமல் போனால்? வந்தும் பார்வை இல்லாமல் போனால்? உனக்குப் பிறக்கப் போகிற பிள்ளை வளர்ந்து, அவனும் உன்னைப் போலப் படித்துவிட்டு வந்து, மண்ணில் என்ன சத்து இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு நாள் கடப்பாரையை ஊன்றுவான். அவனிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தெரிந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டு செத்தால் அந்தப் பிள்ளையை நானே குழிக்குள் இறக்கிவிட்ட மாதிரி. அதனால் சொல்கிறேன். சொல்கிற பயம் பெரிதா, சொல்லாத பயம் பெரிதா என்று இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நேற்றெல்லாம் அலைந்தேன்.

கிணற்று மேட்டில் ஏறி மலையைப் பார்த்து நில். வலது கைப் பக்கம் பழைய வாய்க்கால். அதை ஒட்டிய வரிசையில் அடிமரம் வளைந்து பிறகு நிமிர்ந்த தென்னை ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் குதிரை என்று நீ ஏறி உட்கார்ந்து அதட்டுவாயே, அதே மரம். அது ஒன்று. அதே வரிசையில் அதற்கு மேற்கே அடுத்தடுத்து நிற்கிற இரண்டும் மற்றவை. நீ அதில் குதிரை ஓட்டியபோது அப்பா இருந்தார். பக்கத்தில் நின்று உன் காலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இனி அது உன் பொறுப்பு. ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வருகிற கூலி போகிறதே என்று அவர்கள் வருத்தப்பட்டால் வண்டல் அடிக்க விடு, கிழக்குப் பக்கத்தில். கிணற்றுப் படியிலிருந்து கல்லைப் பெயர்த்துத் திரும்ப அந்த மரங்களுக்கு வை. சுற்றி வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்றுவதற்குக்கூடக் குழி தோண்டாதே, முள்ளை வெட்டி மேலே அடுக்கு, போதும். சாம்பலும் தழையும் மேலாகப் போடு. உன் தென்னம்பிள்ளைகளுக்குக் கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து ஊற்று, ஒரு வருஷம் தாமதமாய்க் காய்த்தால் குடி முழுகிவிடாது. கல்யாணம் ஆனதும் அந்தப் பெண்ணை முதலில் தோப்புக்குக் கூட்டிப்போய் மூன்று மரத்தையும் காட்டிவிடு. இன்ன காரணம் என்று மறைக்காமல் சொல். பயந்து அழுதால் அழட்டும், அழுகிறவள் மறக்க மாட்டாள்.

இதைப் படித்து முடித்ததும் உன் அத்தான் கையில் ஒரு வரி எழுதிக் கொடு. அவர் சாயங்கால ரயிலில் திரும்பி வந்து சொல்லும் வரை நான் இந்த வாசற்படியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இங்கே வா, பிள்ளையையும் பார்த்த மாதிரி ஆயிற்று. வரும்போது சட்டைக் கையை நீயே மடித்துவிட்டுக்கொண்டு வா. பார்வை மங்கிய கண் என்பதால் நான் தடவித்தான் பார்க்க வேண்டும். அந்தப் புண் வலிக்காது ராசா, வந்திருந்தாலும் உனக்குத் தெரியாது.